பாட்டு பிறந்த கதையும் பாட்டை எழுதிய விதமும்

பாடலாசிரியர்களிடம் நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை வீணானவை என்பது என் உறுதியான எண்ணம். "இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது?" என்று தொடங்குகிறோம். அவரும் மழை பெய்த ஓர் இரவையோ, பிரிந்துபோன ஒருவரையோ, காரில் போய்க்கொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றிய முதல் வரியையோ சொல்கிறார். கேட்பவர் வியக்கிறார், "ஐந்தே நிமிடத்தில் எழுதிய பாட்டு" என்று காணொளிக்குத் தலைப்பும் கிடைத்துவிடுகிறது. பல்லவியில் முதலில் இருந்த சொல் எது, அதை மாற்றச் சொன்னவர் யார், என்ன காரணம் சொன்னார், இரண்டாவது சரணத்தில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் எதுகை கைவிடப்பட்டது என்பவை எல்லாம் கேட்கப்படாமலேயே பேட்டி முடிந்துவிடுகிறது.

பிறப்புக் கதைகளை நானும் விரும்பிக் கேட்பவன்தான். ஆனால் ஒரே கதை இரண்டு மூன்று பாடல்களுக்கு ஒட்டப்பட்டு வாய்க்கு வாய் மாறி வருவதையும், அதைச் சொல்பவர் எவரும் பாட்டின் வரிகளுக்குள் ஓர் அடிகூட நுழையாததையும் பார்க்கும்போது மனம் சோர்ந்துபோகிறது. பாட்டு எழுதுவது ஒரு தொழில். அதற்குக் கருவிகளும் கணக்குகளும் கைப்பழக்கமும் உண்டு. அவற்றைப் பற்றி எழுதியவரே வாய் திறந்தால்தான் நமக்குத் தெரியவரும்.

நான் எதைக் கேட்க விரும்புகிறேன் என்பதைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றால் சொல்கிறேன். இசையமைப்பாளர் தரும் மெட்டின் தொடக்கம் "தனனா" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு குறில், அடுத்து ஒரு நெடில். காட்சிப்படி பாத்திரம் வானத்தைப் பார்த்துப் பாட வேண்டும். "வானே" என்று எழுதினால் இரண்டும் நெடிலாகி, மெட்டு முதலடியிலேயே இடறுகிறது. பாடகர் "வா"வைக் குறுக்கினால் சொல் கெடும்; நீட்டினால் தாளம் தள்ளிப்போகும். ஆகவே எழுதுபவர் அந்த அளவுக்குள் உட்காரும் சொற்களைத் தேடுகிறார்: நிலவே, முகிலே, கடலே, கனவே. "முகிலே" என்பதை எடுத்துக்கொண்ட கணத்தில் பாட்டின் கருத்தே திசை மாறிவிடுகிறது. வானம் அசையாமல் நிற்பது. முகில் நில்லாமல் நகர்வது. இனி அந்தப் பாத்திரம் வானத்தின் விரிவைப் பாட முடியாது; போய்விடக்கூடிய ஒன்றை "போகாதே" என்று கெஞ்சித்தான் ஆக வேண்டும். அடுத்த மூன்று வரிகளும் அந்த வழியில்தான் பிறக்கும். கேட்பவர்கள் நாளை "என்ன அருமையான கற்பனை" என்று மெச்சப்போவது மெட்டின் இரண்டு குறில்கள் போட்டுக்கொடுத்த பாதையைத்தான். இதைச் சொன்னால் தம் கவித்துவம் குறைந்துவிடுமோ என்று பாடலாசிரியர்கள் தயங்குகிறார்கள் போலும். என் பார்வையில், அந்த நெருக்கடிக்குள் நின்று "முகிலே" என்பதைக் கண்டெடுத்ததும், அதன் பின்விளைவுகளை ஏற்றுக்கொண்டு மற்ற வரிகளை நடத்தியதும்தான் கவித்துவம்.

தமிழில் இந்த வேலை கூடுதல் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் மொழியில் உயிரின் நீளம் மாறினால் பொருளே மாறிவிடும். "மலை" என்ற சொல்லின் முதலெழுத்தில் மெட்டு நீண்டுவிட்டால் காதில் விழுவது "மாலை". "விடு" வீடாகும், "கொடு" கோடாகும். இசையமைப்பாளர் தமிழ் அறியாதவராக இருந்தாலோ, மெட்டை இம்மியும் மாற்ற மாட்டேன் என்று நின்றாலோ, எழுதுபவர் சுமக்கும் பாரம் இரட்டிப்பாகிறது. குற்றியலுகரம் இன்னொரு கண்ணி. "காற்று" என்ற சொல்லை நீண்ட சுரம் விழும் வரியின் முடிவில் வைத்தால், குறுகி ஒலிக்க வேண்டிய உகரம் இழுபட்டு "காற்றூ" என்று ஊளையிடும். பல்லவிகள் பல ஏகாரத்திலோ ஆகாரத்திலோ முடிவதற்கும், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டும் நீட்டக்கூடிய மகர மெய்யில் போய் நிற்பதற்கும் இதுவும் ஒரு காரணம். விளித்துப் பாடும் பாடல்கள் நம்மிடம் இவ்வளவு இருப்பதற்குக் காதல் மட்டும் காரணம் இல்லை. நீட்டுவதற்கு ஏகாரம் தோதானது என்பதும் சேர்ந்துகொள்கிறது. இவற்றையெல்லாம் கைப்பழக்கமாக அறிந்தவர்கள் நம் பாடலாசிரியர்கள். ஒரு மணி நேரப் பேட்டியில் ஐந்து நிமிடமாவது இதைப் பேச வைத்தால், பாடல் எழுதத் துடிக்கும் இளைஞர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இருக்க முடியாது.

ஏன் இப்போது இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடம் மறைந்துகொண்டே வருகிறது. முன்பு இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் இயக்குநரும் ஓர் அறையில் கூடி உட்கார்ந்தார்கள். ஆர்மோனியத்தில் மெட்டு வாசிக்கப்படும், எழுதுபவர் வாய்விட்டு வரிகளைச் சொல்வார், உதவியாளர் அவற்றைத் தாளில் எழுதுவார், பிடிக்காத வரி அங்கேயே அடிக்கப்படும். அந்த உதவியாளருக்கு அது பள்ளிக்கூடம். கண்ணதாசன் சொல்லச் சொல்ல எழுதியெடுத்த பஞ்சு அருணாசலம் பிற்பாடு தாமே தேர்ந்த பாடலாசிரியர் ஆனார்; 1976-இல் வந்த 'அன்னக்கிளி'யின் பாடல்கள் அவர் எழுதியவை. எந்த வரி ஏன் விழுந்தது, எது ஏன் நின்றது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த கண்களுக்குக் கிடைத்த பயிற்சி அது. இன்று மெட்டு கைபேசிக்கு வருகிறது, அளவு காட்டுவதற்காக ஒப்புக்குப் பாடி வைத்த டம்மி வரிகளோடு. எழுதுபவர் தனியாக உட்கார்ந்து எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். "பல்லவி ஓகே, சரணம் மட்டும் வேற டிரை பண்ணுங்க" என்று குரல் பதிவு வருகிறது. பக்கத்தில் யாரும் இல்லை. அடிக்கப்பட்ட வரிகள் கைபேசியை மாற்றும்போது அழிந்துபோகின்றன. வசதியாகத்தான் இருக்கிறது, பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கோர முடியாது. ஆனால் பார்த்துக் கற்கும் வாய்ப்பு போய்விட்ட காலத்தில், பாடலாசிரியர் தம் வேலையைப் பற்றிப் பேசுவது மட்டுமே எஞ்சியிருக்கும் பாடம்.

நா. முத்துக்குமார் 2016-இல் மறைந்தபோது அவருக்கு வயது 41. எளிய பேச்சுச் சொற்களை மெட்டின் மேல் அலுங்காமல் உட்கார வைக்கும் கலையில் அவருக்கிருந்த தேர்ச்சியைப் பாடல்களைக் கேட்டே உணர்கிறோம். அந்த எளிமைக்கு முன்னால் அவர் எத்தனை சொற்களை எழுதி ஒதுக்கினார், எந்த இடத்தில் மெட்டை மாற்றச் சொல்லிக் கேட்டார் என்பதை விளக்கமாகச் சொல்ல இனி அவர் இல்லை. இந்த எண்ணம் வரும்போதெல்லாம் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

விளக்கிவிட்டால் பாட்டின் மயக்கம் போய்விடும் என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அவர்களுக்குத் திருப்புகழைத்தான் காட்டுவேன். "தத்தன தத்தன" என்று சந்தத்தைப் பாட்டின் தலைமேலேயே அச்சிட்டுத்தான் பதிப்பிக்கிறார்கள். சந்தக் குழிப்பு எனப்படும் இந்த ஒலியளவைத் தெரிந்துகொண்டு பாடுபவருக்கு அருணகிரிநாதரின் மேல் வியப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பாரதியும் தம் பாடல்கள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்து வைத்தார். தொழில்நுட்பத்தை மறைத்து வைக்கும் வழக்கம் நம் மரபில் இருந்ததாகத் தெரியவில்லை. தானாக ஊற்றெடுத்தது என்று காட்டிக்கொள்ளும் ஆசை அண்மையில் ஒட்டிக்கொண்டது.

அந்த ஆசைக்கு ஒரு விலையும் உண்டு. "ஐந்தே நிமிடத்தில்" என்ற கதையைத் தயாரிப்பாளரும் கேட்கிறார். ஐந்து நிமிட வேலைக்கு இவ்வளவு பணமா என்ற எண்ணம் அவருக்கு வந்தால் அதற்குப் பாதிப் பொறுப்பு அந்தக் கதையுடையது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்த்த பிற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும், பதிப்புரிமையை எழுதி வாங்கியவருக்குச் சமமாக, ராயல்டியில் பங்கு உண்டு. அந்த உரிமையை அவர்கள் வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பாட்டுக்குச் சொல் எழுதுவதும் ஓர் உழைப்பு என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதை ரசிகர்கள் அறிந்திருந்தால், பாடல் வெளியிடும் தளங்களில் எழுதியவரின் பெயர் இல்லாதபோது கேள்வி கேட்கும் குரல்களும் அதிகமாகும்.

பேட்டி எடுக்கும் நண்பர்கள் இதை வாசித்தால் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த முறை ஒரு பாடலாசிரியர் முன் உட்காரும்போது, அவருடைய ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த மெட்டைச் சொற்கள் இல்லாமல், "தனனா" என்ற தத்தகாரமாகவே பாடிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு அந்த மெட்டுக்கு அவர் எழுதி, நிராகரிக்கப்பட்ட முதல் பல்லவியைக் கேளுங்கள். அவர் கொஞ்சம் கூச்சப்படுவார், விடாமல் கேளுங்கள்.