ஏழாம் வகுப்பு மார்க்குக்கும் மதிப்பு உண்டு

‘எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ்தானே, ஏழாவது மார்க்கால் ஒரு பயனும் இல்லை’ என்று பலர் சொல்வது பாதிதான் சரி. தமிழ்நாட்டில் எட்டு வரை ஆல் பாஸ், உண்மை. ஆனால் எட்டாவதில் எழுதும் என்எம்எம்எஸ் (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டம்) உதவித்தொகைத் தேர்வுக்கு ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இது சின்னத் தொகையா? அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் இது. அப்புறம், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ‘மார்க் எதற்கு’ என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.