கடலுக்குப் படலை போடாதீர்கள்

"அனுமதியின்றி உட்பிரவேசித்தல் தடை. திறந்திருக்கும் நேரம் காலை 8.00 முதல் மாலை 5.30 வரை. நுழைவுக் கட்டணம் பெரியவர் 100 ரூபா, சிறுவர் 50 ரூபா."

எங்கள் ஊர்க் கடற்கரையில், ஒழுங்கை முடிந்து சவுக்கந்தோப்பு தொடங்கும் இடத்தில் நிற்கும் பலகையில் இப்படி எழுதியிருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் இரும்புப் படலை, அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூட்டு. இருபுறமும் தோப்பின் முழு நீளத்துக்கும் சீமெந்துத் தூண், ஐந்து வரி முள்கம்பி. தைப்பொங்கல் முடிந்த கிழமை பெக்கோ இயந்திரம் வந்து குழி தோண்டியபோது, மலசலகூடம் கட்டப்போகிறார்கள் என்று நம்பினோம். பல வருடங்களாக நாங்கள் பிரதேச சபையிடம் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். மாசி நடுப்பகுதிக்குள் கம்பி இழுத்து முடித்துவிட்டார்கள். ஊரில் ஒருவரிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊரின் பெயரையும் சபையின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்களுடையது, அவ்வளவு போதும். சபைக்குள் இருப்பவர்கள் எங்கள் உறவினர்கள். நாளை கோவில் வீதியில் முகம் பார்த்துப் பேச வேண்டியவர்கள். எனக்கு அவர்களோடு பகை இல்லை. அவர்கள் செய்தது பிழை என்று சொல்ல வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா மயிலிட்டியில் பிறந்தவர். 1990 இல் போரால் இடம்பெயர்ந்து, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். துறைமுகமும் அதை அண்டிய 54 ஏக்கரும் 2017 ஜூலையில் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுவிக்கப்படும்வரை, தான் பிறந்த கரையை அவர் மிதிக்கவில்லை. இடையில் போன 27 வருடங்களும் அவருக்குக் கடல் என்றால் இந்த ஊரின் கடல்தான். பின்னேரம் அடுப்பு வேலை முடிந்ததும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, சவுக்கு மரத்தடியில் இருந்து, மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது.

படலை போட்ட பிறகு முதல் முறை அவரைக் கூட்டிச் சென்ற நாளில், பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார். "இந்த எழுத்தை நான் முன்பும் வாசித்திருக்கிறேன் பிள்ளை, வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அதற்குப் பிறகு கூப்பிட்டாலும் வருகிறார் இல்லை.

இராணுவம் போட்ட வேலியும் பிரதேச சபை போட்ட வேலியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அது துப்பாக்கியோடு வந்த வேலி. இது நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்கள் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம். ஆனால் முப்பது வருடமாக "உட்பிரவேசிக்கத் தடை" என்ற பலகையைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த சனத்துக்கு முன்னால், அதே சொல்லை எழுதி நட்டுவைக்க எப்படி மனம் வந்தது? எழுதக் கொடுத்தவருக்கும் எழுதியவருக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவருக்கும் வழிமொழிந்தவருக்கும் ஒரு கணம்கூட உறுத்தவில்லையா?

சபை சொல்லும் காரணங்கள் மூன்று. குப்பை, குடி, கடலில் மூழ்குதல். மூன்றும் உண்மை. சனி, ஞாயிறுகளில் வெளியிடங்களிலிருந்து வான் பிடித்து வருபவர்கள் சோற்றுப் பொட்டலத்தை அப்படியே விட்டுச் செல்கிறார்கள். போத்தலை உடைத்து மணலில் புதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. எங்கள் சனசமூக நிலையத்துப் பிள்ளை ஒருவனுக்கு அப்படி ஒரு துண்டு குதிக்காலில் ஏறி ஐந்து தையல் போட்டோம். இதையெல்லாம் நாங்கள்தான் சபைக்கு முதலில் எழுதிக் கொடுத்தோம். நோயைச் சொன்னவர்கள் நாங்கள். ஆனால் கொடுத்திருக்கும் மருந்து நோயை வளர்க்கிற மருந்து. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

அந்தக் கரைக்குக் காவல் எது என்று சபை ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஆள் நடமாட்டம்தான் அதற்குக் காவல்.

விடியப்புறம் நான்கு மணிக்குக் கரைவலைக்காரர் வருவார்கள். வெளிச்சம் வந்ததும் நடக்கிறவர்கள், சர்க்கரை வருத்தத்துக்கு வைத்தியர் நடக்கச் சொன்ன பெண்கள், நாலைந்து பேராகச் சேர்ந்து வருவார்கள். மத்தியானம் வலை பொத்துகிறவர்கள் நிழலில் இருப்பார்கள். நான்கு மணிக்குப் பிறகு பந்தடிக்கிற பிள்ளைகள். பொழுது சாயும்போது தாய்மார். இருட்டிய பிறகும் எட்டு மணிவரை மீனவர் வாடியில் விளக்கு எரியும். இத்தனை கண்களுக்கு முன்னால் ஒருவன் போத்தலைத் திறந்தால் "தம்பி, நீ யாருடைய மகன்?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்த பயம் எந்த முள்கம்பிக்கும் இல்லை.

இப்போது 5.30 க்குப் படலை பூட்டப்படுகிறது. நல்லது கெட்டது பார்க்கிறவர்கள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். குடிக்க வருகிறவன் கம்பியை மிதித்து இறங்குகிறான். போன கிழமை கிழக்கு மூலையில் கம்பி விரித்து ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. அதற்கு உள்ளே, முன்பு ஒரு நாளும் குடிக்கிற இடமாக இருக்காத மரத்தடியில், நாங்கள் பொறுக்கிய போத்தல்கள் ஒரு உரப்பை நிறைய. மூன்று மாதத்துக்கு முன்பு அந்த மரத்தடியில்தான் சின்னப் பிள்ளைகள் மண்வீடு கட்டினார்கள்.

மூழ்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபை அதைத்தான் பெரிய காரணமாகச் சொல்கிறது. கடந்த வருடம் ஆடி மாதம், வெளியூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரை நீரோட்டம் இழுத்தது. நேரம் மாலை ஆறேகால் இருக்கும். சத்தம் கேட்டது வாடியில் வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு. அவர் கூப்பிட, மூன்று பேர் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக் கொண்டுவந்தார்கள். ஒரு பிள்ளையின் வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுத்ததும், அந்தப் பிள்ளை இருமியதும், அதைப் பார்த்து அந்தப் பெரியவர் மணலில் இருந்து விம்மியதும் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. இப்போதைய விதிப்படி ஆறேகாலுக்கு அங்கே ஒருவரும் இருக்கக்கூடாது. கம்பிக்குள்ளால் புகுந்து கடலில் இறங்குகிற இளந்தாரிகள் இருப்பார்கள். அவர்களின் சத்தத்தைக் கேட்க ஆள் இருக்காது.

இன்னும் ஒன்றை எழுதாமல் என்னால் இந்தப் பதிவை முடிக்க முடியாது. பங்குனியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மரணம். மறுநாள் காடாற்றி, சாம்பலை மண்பானையில் எடுத்துக்கொண்டு விடிய ஆறரைக்கு ஆண்கள் கடலுக்குப் போனார்கள். படலை பூட்டியிருந்தது. எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய பானையை நிலத்தில் வைக்கக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னதால், இறந்தவரின் மகன் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றான். நாற்பது நிமிடம். காவலுக்கு இருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர் சைக்கிளில் ஓடிவந்து திறந்தார். டிக்கெட் புத்தகத்தை அவர் வெளியில் எடுக்கவே இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தம்பியில் ஒரு பிழையும் இல்லை; நாட்கூலிக்கு வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை. தகப்பனின் சாம்பலோடு படலைக்கு வெளியே நிற்கவைத்த தீர்மானத்தில்தான் பிழை.

சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரும் சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். விதிவிலக்கான சில வேலைகள் தவிர, அதற்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதானாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். தனியாருக்கு மட்டும் உள்ள விதி அல்ல அது. இந்த வேலி நிற்கும் இடத்திலிருந்து அலை அடிக்கும் இடத்துக்கு நான் காலடி வைத்து அளந்தேன். நூறு மீற்றர்கூட வராது. அனுமதி எடுத்தார்களா, தீர்மானம் எந்தக் கூட்டத்தில் நிறைவேறியது, வேலிக்கு எவ்வளவு செலவு, டிக்கெட் பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது என்று, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. கடைசிவரை போவோம்.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபையின் கடமை என்று சொல்வது மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணுவதை. வருடாவருடம் சோலைவரி கட்டுகிறோம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு, தேர்தல் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களின் கையில் நிர்வாகம் இருந்தபோது, "எங்கள் குரலைக் கேட்க எங்கள் ஆட்கள் வேண்டும்" என்று எத்தனை பேர் ஏங்கினோம். 2025 மே 6 ஆம் திகதி வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். வீடு வீடாக வந்து கும்பிட்டவர்களுக்கு, வேலி போட முன்னர் ஒரு முறை அதே படியேறி வந்து கேட்க நேரம் கிடைக்கவில்லை.

மண்ணுக்குச் செய்த கெடுதலையும் சொல்ல வேண்டும். தூண் நடுவதற்காக மணல் மேட்டின் முகத்தை இயந்திரத்தால் வழித்துத் தள்ளினார்கள். அங்கே படர்ந்திருந்த அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வேரோடு போயின. பறக்கிற மணலைப் பிடித்துவைப்பவை அவைதான். கொடி போன இடத்தில் இப்போது சோளகக் காற்றுக்கு மணல் கிளம்பி வாடிக் கூரையில் ஏறுகிறது. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று மேடையில் ஒற்றுமைக்கு உதாரணம் சொல்லாத அரசியல்வாதி எங்கள் ஊரில் இல்லை. அந்தக் கொடியை நேரில் கண்டவர்கள் அதைப் பிடுங்க விட்டிருக்கக்கூடாது.

சுற்றுலாவை வளர்க்க இது வேண்டும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். வருகிறவர்கள் வரட்டும், எங்களுக்கும் சந்தோஷம். வாகனத் தரிப்பிடத்துக்குக் கட்டணம் எடுங்கள்; வானுக்கும் பஸ்ஸுக்கும் எடுங்கள்; அந்தக் காசில் மலசலகூடம் கட்டுங்கள், தொட்டி வையுங்கள், தொட்டியை நாளுக்கு ஒரு தரமாவது வெறுமையாக்குங்கள். ஒழுங்கை முடிவில் இரண்டு மின்விளக்குப் போடுங்கள். இரவில் உழவு இயந்திரம் இறங்கி மணல் அள்ளாதபடி வாகனம் நுழையும் வழிக்கு மட்டும் தடை போடுங்கள், அதற்கு நாங்களே வந்து கல் தூக்குகிறோம். ஊர் இளைஞர்களில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி கொடுத்து, ஒரு சிறு கொடுப்பனவும் கொடுங்கள். கால்நடையாக வருகிற மனிதருக்குப் படலை வேண்டாம், நேரம் வேண்டாம், டிக்கெட் வேண்டாம். பண்ணைக் கரையில் மாலையில் எத்தனை குடும்பம் காற்று வாங்க இருக்கிறது என்று யாழ்ப்பாண நகருக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறோம். புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வார் கடலாடப் போகும் நாளில் கரை கொள்ளாத சனம். கடலும் சனமும் சேர்ந்திருப்பதுதான் எங்கள் வழக்கம்.

"நூறு ரூபாய்தானே, ஏன் இவ்வளவு சத்தம்" என்று கேட்டவர்களும் உண்டு. நாளாந்தம் நடக்கிற ஒரு பெண்ணுக்கு மாதம் மூவாயிரம் ரூபா. இரண்டு பிள்ளைகளோடு வந்தால் அதைவிட இரட்டிப்பு. ஊர்க்காரருக்கு இலவச அடையாள அட்டை தருவோம் என்று இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. அதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். எங்கள் கரையில் நிற்க அட்டை காட்டிய காலம் போதும். பக்கத்து ஊர்ப் பிள்ளையைத் தடுத்துவிட்டு எங்கள் பிள்ளை மட்டும் விளையாட வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். காசு அனுப்பவா என்று கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். காசு வேண்டாம். அந்தக் கரையில் நீங்கள் விளையாடிய காலத்துப் படங்கள் இருந்தால் அனுப்புங்கள். பாதை எத்தனை வருடப் பழையது என்று காட்ட எங்களுக்கு அவை வேண்டும்.

வரும் சனிக்கிழமை மாலை நான்கரைக்குப் படலைக்கு வெளியே கூடுகிறோம். பாய் கொண்டுவாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். 5.30 க்குப் பூட்ட வரும் தம்பியை ஒருவரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. பூட்டிய பிறகும் ஏழு மணிவரை அங்கேயே அமைதியாக இருப்போம். அடுத்த சபைக் கூட்டத்தில் பார்வையாளராக அமரத் தவிசாளரிடம் எழுத்தில் அனுமதி கேட்டிருக்கிறோம். மகஜரை அன்று கையளிப்போம்.

மகஜர் சனசமூக நிலையத்தில், பத்திரிகை வைக்கும் மேசையில் இருக்கிறது. நேற்றிரவுவரை 612 கையெழுத்து. அம்மாவின் கையெழுத்து முதல் பக்கத்தில், நான்காவது வரியில். முகவரி எழுதும் இடத்தில் மயிலிட்டி என்று எழுதி, பிறகு அதை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் எங்கள் ஊரின் பெயரை எழுதியிருக்கிறார்.