கேப் டவுன் போகிறவர்களே, முதல் நாளை அடிமை விடுதிக்குக் கொடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போய் வந்தவர்கள் இங்கே போடும் படங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். மேசை மலை, கேபிள் கார், பென்குயின், திராட்சைத் தோட்டத்தில் கையில் ஒரு கோப்பை, நன்னம்பிக்கை முனையின் பெயர்ப்பலகை. எல்லாமே அழகு. மலையும் கடலும் நகரமும் இப்படித் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அந்த அழகில் பாதியை உழைத்து உண்டாக்கியவர்கள் அந்தப் படங்களில் எங்குமே இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேப் டவுனில் முதல் நாள் அடிமை விடுதிக்கும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்கும் உரியது. ஒயின் தோட்டங்களும் கடற்கரையும் அதற்குப் பிறகுதான். இந்த வரிசையில் பார்த்தால் ஊரே வேறு மாதிரித் தெரியும்.

அடிமை விடுதி ஆடர்லி தெருவில், கம்பெனித் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்க 1679-ல் கட்டிய கட்டடம். இன்று அருங்காட்சியகம். பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1808 வரை கேப் என்று அழைக்கப்பட்ட இந்தக் குடியேற்றப் பகுதிக்கு ஏறத்தாழ 60,000 பேர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை. கடைசிப் பெயரைப் படித்ததும் என்னால் அடுத்த அறைக்குப் போக முடியவில்லை. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகளையும் அவற்றின் செதுக்கு வேலையையும் நம்மில் பலர் வியந்து பார்த்திருக்கிறோம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி ஆண்ட அதே கம்பெனி, நம் கரையிலிருந்து துணிப் பொதிகளோடு மனிதர்களையும் கப்பலேற்றியிருக்கிறது. பஞ்ச காலங்களில் பிள்ளைகளையும் தங்களையும் விற்றுக்கொண்டவர்கள் அவர்களில் உண்டு.

கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்குச் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை. வாங்கியவர் சூட்டிய பெயரோடு, பிடித்து வந்த ஊரின் பெயரை ஒட்டிப் பதிவேட்டில் எழுதினார்கள். சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்தார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்கள் கேப் டவுனில் இன்றும் இருக்கின்றன. விடுதிக்குப் பக்கத்திலேயே சர்ச் சதுக்கத்தில் பதினோரு கருங்கல் பாளங்கள் வைத்திருக்கிறார்கள். அடிமைகளின் பெயர்கள் அவற்றில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் உட்கார்ந்து காபி குடிப்பவர்களும் உண்டு. சட்டப்படி விடுதலை 1834 டிசம்பர் 1-ல் வந்தது. ஆனால் பயிற்சிக் காலம் என்று சொல்லி மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எசமானர்களிடமே வேலை வாங்கினார்கள்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம். பல இனத்தவரும் பல மதத்தவரும் கலந்து வாழ்ந்த பகுதி அது. 1966 பிப்ரவரி 11 அன்று அதை வெள்ளையர்களுக்கு மட்டும் என்று நிறவெறி அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை வெளியேற்றி, ஊருக்கு வெளியே கேப் சமவெளியின் மணலில் குடியேற்றினார்கள். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பழைய தேவாலயம் ஒன்றில் இருக்கும் அருங்காட்சியகத்தின் தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம் விரிந்து கிடக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் கையாலேயே பெயர் எழுதியிருக்கிறார்கள். பல பண்பாடுகள் கலந்த நகரம் என்று சுற்றுலாக் கையேடு கேப் டவுனைப் புகழும்போது, அந்தக் கலப்பு மிகச் சிறப்பாக நடந்த இடத்தைத் தரைமட்டமாக்கினார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதைப் பார்த்த பிறகு ஒயின் தோட்டங்கள் உள்ள கான்ஸ்டான்ஷியாவுக்குப் போங்கள். கேப்பில் முதல் ஒயின் 1659 பிப்ரவரியில் பிழியப்பட்டது. ஆனால் பேர்பெற்ற தோட்டம் என்றால் கேப்பை ஆண்ட கம்பெனி அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல் 1685-ல் மானியமாகப் பெற்ற க்ரூட் கான்ஸ்டான்ஷியாதான். ஸ்டெல்லன்போஷ் நகரத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே. அவருடைய தாய்வழிப் பாட்டி ஓர் இந்தியப் பெண். சைமனுக்குப் பின் அதே தோட்டம் அன்னா டி கோனிங் என்ற பெண்ணின் கைக்கு வந்தது. அன்னாவின் தாய் ஏஞ்சலா வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர், 1666-ல் குழந்தைகளோடு விடுதலை பெற்றவர். அடிமையின் மகள் நாட்டின் தலைசிறந்த தோட்டத்துக்கு உடைமையாளரானார். அவரும் அடிமைகளை வைத்துத்தான் அதை நடத்தினார். இந்த ஒரு குடும்பத்தின் கதையை அறிந்துகொண்டு போனால் அந்த வெள்ளை மாளிகையின் முன் நெடுநேரம் நிற்பீர்கள். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனுக்கு இங்கிருந்துதான் இனிப்பு ஒயின் போயிற்று என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்லிவிடுவார்கள். நான் போன இன்னொரு தோட்டத்தில், இந்தச் சுவர்களை எழுப்பியது யார் என்று கேட்டேன். “அந்தக் காலத்து வேலையாட்கள்” என்று பதில் சொல்லிவிட்டு வழிகாட்டி நகர்ந்துபோனார். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அது தீரவில்லை.

ஸ்டெல்லன்போஷும் ஃபிரான்ஷூக்கும் கண்ணுக்கு நிறைவான பள்ளத்தாக்குகள். மலையடிவாரத்தில் வரிசை வரிசையாகக் கொடிகள், ஓக் மர நிழலில் தெருக்கள். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். மலையும் உணவுமே போதும். ஆனால் ‘டாப்’ என்ற முறையை அறியாமல் அங்கே கோப்பையைக் கையில் எடுக்கக்கூடாது என்பது என் திடமான எண்ணம். பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுக்கும் வழக்கம் அது. நாள் முழுவதும் பல தடவை ஊற்றிக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடிக்கு அடிமையாக்கி ஆட்களைப் பண்ணையோடு கட்டிப்போட்டார்கள். சட்டம் தடை செய்த பிறகும் பல இடங்களில் அது நெடுங்காலம் நீடித்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்படும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் இடங்களில் இந்த மாகாணத்தின் ஒயின் பகுதிகளும் அடங்கும். இதற்காகத் தோட்டங்களையே புறக்கணியுங்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அறுவடைக் கூலியை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. தொழிலாளர்களுக்குப் பங்கு உள்ள பண்ணைகள் உண்டு. நியாய வணிக முத்திரை உள்ள புட்டிகள் உண்டு. கேட்டு வாங்குங்கள். நாம் கேட்பதை அங்கே இருப்பவர்கள் கவனிக்கிறார்கள்.

ஃபிரான்ஷூக்கிலிருந்து பார்ல் போகும் சாலையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறை இருக்கிறது. 1990 பிப்ரவரி 11 அன்று மண்டேலா நடந்து வெளியே வந்தது இந்த வாசல் வழியாகத்தான். கை உயர்த்திய அவர் சிலை அங்கே நிற்கிறது. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸைப் பறித்த அதே பிப்ரவரி 11, இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

கடற்கரையைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன். பாறையைக் குடைந்து போட்ட சாப்மன்ஸ் பீக் சாலையில் போனால் எந்த விவரமும் இல்லாமலே நெஞ்சு நிறையும். ஹெர்மானஸில் ஜூன் முதல் நவம்பர் வரை கரையில் நின்றே திமிங்கிலங்களைப் பார்க்கலாம். போல்டர்ஸ் கடற்கரையின் ஆப்பிரிக்கப் பென்குயின் 2024-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. நெத்திலியும் மத்தியும் கிடைக்காததுதான் பெரிய காரணம். தயவுசெய்து தூர நின்று படமெடுங்கள். நகரத்தின் விலையுயர்ந்த கடற்கரையான கிளிஃப்டனுக்கு எதிரில், 1794 டிசம்பரில் மொசாம்பிக்கிலிருந்து வந்த ஒரு போர்த்துகீசிய அடிமைக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. 212 அடிமைகள் மூழ்கி இறந்தார்கள். மீட்கப்பட்டவர்களைச் சில நாட்களிலேயே விற்றுவிட்டார்கள். இந்த நாட்டின் கடற்கரைகள் எல்லா நிறத்தவருக்கும் திறந்தது 1989-ல்தான்.

சுற்றுலா போன இடத்தில் எதற்கு இவ்வளவு துயரம் என்று கேட்பார்கள். இதை நான் துயரமாகப் பார்க்கவில்லை. அடிமைகளின் வழிவந்தவர்கள் வாழும் போ-காப்பின் சாய்வான தெருக்களில் அச்சாரும் சமோசாவும் ரொட்டியும் அந்த ஊரின் சாப்பாடாகவே ஆகியிருப்பதைப் பார்க்கும்போது, எல்லாம் பறிக்கப்பட்டவர்கள் ஒரு நகரத்துக்கே நாவின் ருசியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பெருமை வருகிறது. 1794-ல் அங்கே தொடங்கிய அவ்வல் பள்ளிவாசலின் முதல் இமாம் துவான் குரு, கேப் டவுனுக்கு எதிரே கடலில் உள்ள சிறைத் தீவான ராபன் தீவில் சிறையிருந்தவர், குர்ஆனை நினைவிலிருந்தே எழுதியவர். அந்தத் தெருவின் வண்ண வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. வாசற்படியில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். குடிசைப் பகுதிகளுக்குள் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கண்ணாடி வழியே காட்டும் சுற்றுலாவையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தென்கிழக்குக் காற்று பலமாக வீசினால் கேபிள் காரும் ஓடாது, ராபன் தீவுப் படகும் போகாது. இரண்டையும் பயணத்தின் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். முதலில் தீவுக்கு டிக்கெட் எடுங்கள். அங்கே சிறைக்குள் கூட்டிச்சென்று விளக்குபவர்களில் அந்தச் சிறையிலேயே கிடந்த அரசியல் கைதிகளும் உண்டு. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. மலை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்.