ஒரு சொல்லுக்காக 44 பேர்

1965 அக்டோபரில் கலிஃபோர்னியா மாநிலத்தின் கெர்ன் மாவட்டத்தில் 44 பேரைப் போலீஸ் கைது செய்தது. அவர்கள் கல்லெறியவில்லை, எதையும் கொளுத்தவில்லை. திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை ஆதரித்து வயலோரத்தில் நின்று ‘உவெல்கா’ என்று கத்தினார்கள், அவ்வளவுதான். ஸ்பானிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கு அதுதான் சொல். கைதானவர்களில் பாதிரியார்கள் இருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவெஸின் மனைவி ஹெலனும் இருந்தார்.

அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களின் இருமொழி நாடகம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைதுதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தையும் ஸ்பானியத்தையும் கலப்பது இரண்டு தரப்புக்கும் புரியட்டுமே என்ற நல்லெண்ணத்தால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். படிக்கும்போதே எரிச்சல் வருகிறது. புரியவைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் ஒரு மொழிபெயர்ப்பாளர் போதுமே. எந்தச் சொல் எந்த மொழியில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் அந்த நாடகத்தின் அரசியல் முழுவதும் இருக்கிறது.

அதே 1965-இல், அதே திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்துக்கு நடுவில், டெலானோ என்ற சிற்றூரில் பிறந்ததுதான் ‘எல் தியாத்ரோ கம்பெசினோ’. உழவுத் தொழிலாளர் நாடகக் குழு என்று சொல்லலாம். தொடங்கியவர் லூயிஸ் வால்டெஸ். அப்போது அவருக்கு 25 வயது. அந்த ஊரிலேயே, ஊர் ஊராகப் போய் அறுவடை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர்.

முதல் கூட்டத்தைப் பற்றி அவரே சொல்லியிருக்கிறார். ஒரு வீட்டில் தொழிலாளர்கள் கூடியிருக்கிறார்கள். நாடகம் என்றால் என்னவென்று பத்து நிமிடம் பேசிப் பார்த்தார்; பேச்சால் ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டது. மூன்று பேரைக் கூப்பிட்டார். இருவர் கழுத்தில் ‘வேலைநிறுத்தக்காரன்’ என்ற அட்டையையும், மூன்றாமவர் கழுத்தில் ‘எஸ்கிரோல்’ என்ற அட்டையையும் தொங்கவிட்டார். எஸ்கிரோல் என்றால் வேலைநிறுத்தத்தை உடைத்து வேலைக்குப் போகும் கருங்காலி. அந்த மனிதர் முதலில் மறுத்தார். நடிப்புக்காகக்கூடச் சுமக்க முடியாத வசைச்சொல் அது. பிறகு ஒப்புக்கொண்டார். மற்ற இருவரும் அவரைத் திட்டத் தொடங்கியதும் கூட்டம் சிரித்துப் புரண்டது. எங்கிருந்தோ ஆட்கள் வந்து சமையலறை நிரம்பிவிட்டது. அட்டைகளை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, ‘இப்போது நான்’, ‘இப்போது நான்’ என்று இரண்டு மணி நேரம் ஓடியது. மேடையும் இல்லை, எழுதிய வசனமும் இல்லை.

பிறகு லாரியின் திறந்த தட்டே மேடையானது. அதில் ஏறிய குறுநாடகம் ஒன்றில் முதலாளி பன்றி முகமூடியுடன் சுருட்டுப் பிடித்தபடி வருகிறார். ‘உன் வாழ்க்கை எவ்வளவு நிம்மதி, எனக்குத்தான் எத்தனை கவலை’ என்று தொழிலாளியிடம் அங்கலாய்க்கிறார். சரி, மாறிக்கொள்வோம் என்று முகமூடியும் சுருட்டும் கைமாறுகின்றன. தொழிலாளி அந்தக் கணமே அசல் முதலாளியாகிவிடுகிறான். முகமூடி போன பிறகு முதலாளியை அவருடைய அடியாளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போகிறான். அப்போது அந்த மனிதர் அலறுகிறார்: எங்கே அந்தச் சங்கத்துக்காரர்கள், எங்கே சாவெஸ், ‘உவெல்கா’!

வயலோரத்தில் கத்தினால் கைது செய்தார்களே, அதே சொல். அதை முதலாளியின் வாயிலிருந்தே, தொழிலாளியின் மொழியிலேயே வரவழைத்துவிட்டார்கள். இதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதியிருந்தால் சாதாரண நகைச்சுவைத் துணுக்காகப் போயிருக்கும். தொழிலாளி கடைசியில் வீடு, நிலம், கார் எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிட்டுச் சுருட்டை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்கிறான் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நாடகத்தால்தான் போராட்டம் வென்றது என்று சொல்ல வரவில்லை. நாடு முழுவதும் மக்கள் திராட்சை வாங்குவதை நிறுத்தியதுதான் முதலாளிகளை 1970-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. ஆனால் அது வரை ஐந்து ஆண்டுகள் பட்டினியோடு நிற்க வேண்டியிருந்தது. 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் சட்டம் வயல் வேலை செய்பவர்களை வெளியே விட்டுவிட்டது; சங்கம் அமைத்தால் பாதுகாப்புக் கிடையாது. 1966-இல் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு 25 நாட்கள் நடந்தபோது, கால் கொப்புளித்துப் படுத்தவர்களை இரவுதோறும் சிரிக்க வைத்தது இந்தக் குழுதான். சிரித்தவன் மறுநாளும் நடப்பான்.

1978-இல் வால்டெஸ் ‘ஸூட் சூட்’ நாடகத்தை லாஸ் ஏஞ்சலஸில் மேடையேற்றினார். 1940-களில் ஒரு கொலை வழக்கில் மெக்சிக வம்சாவளி இளைஞர்கள் 17 பேர் தண்டிக்கப்பட்டு, 1944-இல் மேல்முறையீட்டில் அத்தனை தீர்ப்பும் ரத்தான கதை. தொடக்கத்தில் மேடையை மறைத்து ஒரு பிரம்மாண்டமான செய்தித்தாள் பக்கம் தொங்கும். அதைக் கத்தியால் கிழித்துக்கொண்டு கதைசொல்லியான ‘எல் பச்சூகோ’ வெளியே வந்து, ஆங்கிலமும் ஸ்பானியமும் தெருக்கொச்சையும் கலந்து பேசுவான். லாஸ் ஏஞ்சலஸில் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்குப் போனபோது அங்குள்ள விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், சில வாரங்களிலேயே திரை விழுந்தது. தன் ஊரில் தன் மக்களுக்கு முன்னால் நிற்கும்போது இருந்த பலம் அங்கே கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அந்த வேலைநிறுத்தத்தை 1965 செப்டம்பர் 8-இல் முதலில் தொடங்கியவர்கள் மெக்சிகர்கள் இல்லை. லாரி இட்லியாங் தலைமையில் ஃபிலிப்பினோ தொழிலாளர்கள். சாவெஸின் சங்கம் ஒரு வாரம் கழித்துத்தான் சேர்ந்தது. அந்த ஃபிலிப்பினோக்களில் பலர் திருமணமே செய்யாமல் முகாம்களில் முதுமையடைந்தவர்கள்; இலோகானோ என்ற பிலிப்பைன்ஸ் மொழியைப் பேசியவர்கள். இரண்டு மொழிகளுக்கு லாரியில் இடம் கிடைத்தது. இந்த மூன்றாவது மொழியில் எழுதிய அட்டையை யாரும் யார் கழுத்திலும் மாட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை.