டெக்னிக்கல் கவரை யார் படிக்கிறார்கள்?

ஆற்று வேலை டெண்டர் முடிந்தால் நம் பக்கத்து டீக்கடையில் முதல் கேள்வியே "எஸ்டிமேட்டுக்கு எத்தனை பர்சன்ட் கீழே போட்டிருக்கான்?" என்பதுதான். விலைக் கவரைப் பற்றி எல்லோருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. அதற்கு முன்னால் பிரிக்கிற டெக்னிக்கல் கவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கட்டி இரண்டு வெள்ளம் பார்ப்பதற்குள் மதகு ஏன் உட்காருகிறது என்று கேட்டால், பாதி பதில் அந்தக் கவர் மதிப்பிடப்படுகிற விதத்தில் இருக்கிறது என்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பெரிய வேலை என்றால் இரண்டு கவர் முறை. முதல் கவரில் ஒப்பந்ததாரரின் பதிவு வகுப்பு, டர்ன்ஓவர், இதே மாதிரி வேலை முன்பு செய்ததற்கான சான்று, சால்வென்சி என்கிற பண வசதிச் சான்று, இயந்திரப் பட்டியல், இன்ஜினியர்கள் யார் யார், வேலையை எப்படிச் செய்யப் போகிறார் என்கிற திட்டம், இதெல்லாம் இருக்கும். இதில் பாஸ் ஆனவர்களுக்கு மட்டும் விலைக் கவரைப் பிரிப்பார்கள். அப்புறம் குறைந்த விலை யாரோ அவர் எல்-1, வேலை அவருக்கு. சிக்கல் இந்த "பாஸ்" என்கிற சொல்லில்தான் இருக்கிறது. எல்லைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு பாஸ் ஆனவரும், இருபது வருஷமாக வெண்ணாற்றுக் கிளைகளிலேயே மதகு கட்டிப் பழகியவரும் விலைக் கவர் பிரிக்கிற நிமிஷத்தில் சமம். முதல் கவரில் அவர் கூடுதலாகக் காட்டிய எதற்கும் மதிப்பு கிடையாது.

திருவாரூர் பக்கம் ஒரு ஒப்பந்ததாரரிடம் டெண்டர் காகிதம் தயார் செய்கிற வேலையில் சில வருஷம் இருந்தேன். போட்டியாளர்கள் போட்ட காகிதங்களும் அவ்வப்போது கண்ணில் படும். ஒருமுறை கடைமடைப் பகுதியில் ஒரு ரெகுலேட்டர் வேலை, அதாவது ஷட்டர் வைத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்துகிற கட்டுமானம். போட்டியில் இருந்த ஒருவரின் வேலைத் திட்டத்தில், அஸ்திவாரத்துக்குத் தோண்டும்போது பாறையை வெடி வைத்து எப்படித் தகர்ப்பார்கள் என்று ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தது. நாகப்பட்டினம் பக்கம் மண்வெட்டி பிடித்த யாரும் அங்கே பாறையைப் பார்த்திருக்க மாட்டார்கள், எவ்வளவு ஆழம் போனாலும் களியும் மணலும்தான். வேறு எங்கோ மலையோர வேலைக்குத் தயாரித்ததை அப்படியே இறக்கியிருக்கிறார்கள். அதுவும் பாஸ். "வேலைத் திட்டம் இணைக்கப்பட்டுள்ளதா" என்ற கட்டத்துக்கு எதிரே "ஆம்" விழுந்துவிட்டது, அவ்வளவுதான். படித்திருந்தால் அந்த ஒன்றரைப் பக்கமே போதும், இவர்கள் இந்த இடத்துக்கு வந்தே பார்க்கவில்லை என்று தெரிந்திருக்கும்.

டெல்டாவில் வேலை செய்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடியதிலிருந்து அடுத்த திறப்பு வரைக்கும் கிடைக்கிற நாலரை மாதத்தில்தான் ஆற்றுக்குள் இறங்க முடியும். டெண்டர் போடக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச அவகாசமே இரண்டு கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேலே 30 நாள். பரிசீலனை, ஒப்பந்தம் எல்லாம் முடிந்து வேலையில் இறங்கும்போது சில சமயம் சித்திரை பிறந்துவிடும். மீதி நாளில் தண்ணீர் வருவதற்குள் எதை முடிப்பார், எதை அடுத்த கோடைக்கு விடுவார்? முன்கூட்டியே திறந்துவிட்டால் பாதியில் நிற்கிற கான்கிரீட்டை எப்படிக் காப்பார்? ஊற்று நீரை இறைத்து எங்கே விடுவார், பக்கத்து வயலிலா? கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் ஊதுகிற களிமண்ணில் சரிவுச் சுவரை எப்படி நிறுத்துவார்? ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போனால் மண்ணே வேறு, அங்கே இதே பதிலை எழுதினால் தப்பு. கடல் பக்கம் உப்புத் தண்ணீரில் நிற்கப்போகிற ஷட்டருக்கு என்ன பூச்சு, யார் சோதிப்பார்கள்? இதற்கெல்லாம் மதிப்பெண் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. தரத்துக்கும் விலைக்கும் தனித்தனி மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற முறை கன்சல்டன்சி வேலைகளில் பல காலமாக இருக்கிறது. மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2021 அக்டோபரில், தரம் முக்கியம் என்று அறிவிக்கப்படுகிற கட்டுமான வேலைகளுக்கும் இதை அனுமதித்தது, தரத்துக்கு அதிகபட்சம் 30 சதவீதம் என்ற வரம்போடு. கணக்கு போட்டுப் பாருங்கள். தரத்துக்கு 30, விலைக்கு 70. குறைந்த விலை கேட்டவருக்கு அந்த 70 முழுசாக, மற்றவருக்கு விலை ஏறுகிற விகிதத்தில் குறையும். ஒருவர் டெக்னிக்கலில் 90 வாங்கி 1 கோடியே 8 லட்சம் கேட்கிறார், இன்னொருவர் 70 வாங்கி 1 கோடி கேட்கிறார். முதலாமவருக்கு 27-ம் 64.81-ம் சேர்ந்து 91.81. இரண்டாமவருக்கு 21-ம் 70-ம் சேர்ந்து 91. வேலை முதலாமவருக்கு. அவரே 1 கோடியே 10 லட்சம் கேட்டிருந்தால் 90.64-தான், தோற்றிருப்பார். ஆக, தரம் என்ற பெயரில் கஜானாவைத் திறந்துவிடுகிற முறை இல்லை இது, நல்ல வேலைக்காரனுக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது.

"மதிப்பெண் போடச் சொன்னால் வேண்டியவனுக்குப் போடுவான், எல்-1-ல் அந்த வம்பு இல்லை" என்று உடனே சொல்வார்கள். நியாயமான பயம். ஆனால் இப்போதும் அந்தக் கதவு திறந்துதான் கிடக்கிறது. ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி டர்ன்ஓவரையும் முன் அனுபவத்தையும் ஏற்றிவைத்தால் மற்றவர்கள் வாசலிலேயே விழுந்துவிடுவார்கள், விலைக் கவர் வரைக்கும் போகவே தேவையில்லை. இதற்கு மருந்து மதிப்பெண்ணை ஒழிப்பது இல்லை, வெளியே வைப்பது. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்று டெண்டர் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். குழுவில் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்டு, ஒரு வரியாவது காரணம் எழுத வேண்டும். விலைக் கவரைப் பிரிப்பதற்கு முன்பே அது இணையத்தில் ஏற வேண்டும், பின்னால் திருத்த முடியாதபடி.

நம் மாநிலத்தில் 1998-ல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், ஆவணத்தில் சொன்ன அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்கிறது. நிராகரித்ததற்குக் காரணமும் டெண்டர் விவரங்களை அரசு வெளியிடுகிற டெண்டர் புல்லட்டினுக்குப் போக வேண்டும். சரி, தோற்றவருக்குக் காரணம் உண்டு. ஜெயித்தவர் எதனால் ஜெயித்தார் என்பதற்கு "குறைந்த விலை" தவிர வேறு காரணம் எழுத இடமே இல்லையே. வழக்குப் போடலாம் என்றால், 1994-ல் டாடா செல்லுலார் என்கிற டெண்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடிவு எடுத்த முறையைத்தான் பார்ப்போம், முடிவு சரியா என்று மேல்முறையீடு மாதிரி ஆராய மாட்டோம் என்று. அதனால் முறை சரியாக இருக்க வேண்டியது முதலிலேயே, அலுவலகத்திலேயே.

பாசன சங்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. டெண்டர் ஆவணங்களை அரசு இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் வாய்க்காலுக்கு வேலை அறிவிப்பு வந்தால், தகுதி நிபந்தனை இருக்கிற பக்கங்களை மட்டுமாவது படித்துப் பாருங்கள். தண்ணீர் வருகிற தேதி, மண், உப்பு, இது மூன்றைப் பற்றியும் அதில் ஒரு கேள்விகூட இல்லை என்றால், கடைசித் தேதிக்கு முன்பே செயற்பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். ஷட்டர் நின்றுபோன பிறகு கொடுக்கிற மனு வேறு செக்‌ஷனுக்குப் போகும்.