குத்துப்பையும் கோபமும்

கையால் குத்தியும் காலால் உதைத்தும் ஆடும் கிக்பாக்சிங் பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்று எழுதியுள்ள கட்டுரையாளர், குத்துப்பையை ஓங்கி அடித்தால் உள்ளே அடைந்து கிடக்கும் கோபம் வடிந்துவிடும் என்றும் சொல்கிறார். முதலாவதை என் அனுபவத்திலேயே ஒப்புக்கொள்கிறேன், இரண்டாவது சரியன்று. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்தபடியே குத்துப்பையை அடித்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தவர்களைவிடக் கோபம் கூடுதலாகவே இருந்தது.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இரண்டு ஆண்டுகளாகப் பயிலும் எனக்கு இது வியப்பளிக்கவில்லை. அலுவலக மனத்தாங்கலைச் சுமந்துகொண்டு போகும் நாள்களில் என் அடிகள் தாறுமாறாகத்தான் விழும். பயிற்றுநர், அடியைத் தாங்கும் மெத்தையான பேடைப் பிடித்துக்கொண்டு, இடக்கைக் குத்து, வலக்கைக் குத்து, பிறகு தொடை உயரத்தில் ஓர் உதை என்று அடுத்தடுத்துச் சொல்லும்போது, மூச்சையும் கால்வைப்பையும் கவனித்தே ஆக வேண்டியிருப்பதால், நினைப்பு மேலதிகாரியை விட்டு (அவரும் பாவம்தான்) மெல்ல நழுவிவிடுகிறது. அன்றிரவு உறக்கமும் நன்றாக வருகிறது.

கட்டுரை தொடாத ஒன்று உண்டு. தலையில் மீண்டும் மீண்டும் படும் அடி மூளைக்கும் மனநலத்துக்கும் கேடு. ஆகவே மன அமைதிக்காகச் சேர்பவர்கள் எதிராளியுடன் மோதும் பயிற்சிக்குப் போகவே தேவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரந்தோறும் பரிந்துரைக்கும் 75 முதல் 150 நிமிடத் தீவிர உடலுழைப்பை, பேடும் பையும் கொண்டே இரண்டு மூன்று வகுப்புகளில் எட்டிவிடலாம். மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர்கள், வகுப்பில் சேர்ந்துவிட்டோம் என்பதற்காக மருத்துவரைக் கேளாமல் அதை நிறுத்திவிடக் கூடாது.