மூன்று முறை வரம்பும் ஒரே குடும்பமும்

பிலிப்பைன்ஸில் மேயராக இருப்பவர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் அந்தப் பதவியில் நீடிக்க முடியாது. ஒரு முறை என்பது மூன்றாண்டு. சர்வாதிகாரி ஃபெர்டினாண்ட் மார்கோஸின் ஆட்சி வீழ்ந்த மறு ஆண்டு, 1987இல், அதிகாரம் ஒரே இடத்தில் தேங்கிவிடக் கூடாது என்ற அக்கறையோடு அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விதி அது. ஆனால் பல நகரங்களில் அந்த விதி ஆளை மாற்றியதே தவிர, வீட்டை மாற்றவில்லை.

தலைநகர்ப் பகுதியான மெட்ரோ மணிலாவில் உள்ள மக்காத்தி நகரைப் பாருங்கள். 1986இல் அதிபர் கொராசோன் அக்கினோவின் அரசு ஜெஜோமார் பினாயை மேயராக நியமித்தது. அவருக்குப் பின் மனைவி எலெனிதா, மீண்டும் அவரே, பிறகு மகன் ஜுன்ஜுன், பிறகு மகள் அபி என்று, சிறு இடைவெளிகள் தவிர, அந்த நாற்காலி குடும்பத்தை விட்டு வெளியே போகவில்லை. 2019இல் அபியை எதிர்த்து நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி ஜுன்ஜுன். 2025 மே மாதம், அபிக்கு மூன்று முறை முடிந்த நிலையில், அவருடைய கணவர் லூயிஸ் காம்போஸும் அக்கா நான்சியும் மோதிக்கொண்டார்கள், நான்சி வென்றார். ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் ஒரே வீட்டிலிருந்து வரும்போது அதைப் போட்டி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேயரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் நகர மன்றத்தைக் கண்டுகொள்வதில்லை. பிலிப்பைன்ஸில் மேயர், துணை மேயர், மன்ற உறுப்பினர்கள் ஆகியோரை மக்களே தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரவு செலவுத் திட்டம் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நிறைவேறாது. பெரிய நகரத்து வாக்காளர் ஒருவர், அதே வாக்குச்சீட்டில் பன்னிரண்டு செனட்டர்களின் பெயருக்குப் பக்கத்திலுள்ள நீள்வட்டங்களையும் நிரப்ப வேண்டும்; மன்றத்துக்கு ஆறு அல்லது எட்டுப் பேரையும் தேட வேண்டும். அத்தனை பெயர்களுக்கு நடுவே கண்ணில் படுவது தெரிந்த குடும்பப் பெயரும், கட்சிக்காரர்கள் கையில் திணித்த மாதிரி வாக்குச்சீட்டில் இருந்த பெயரும்தான்.

அதன் விளைவை நாட்டின் தென்பகுதியிலுள்ள தாவாவோ நகரில் பார்த்தோம். நெதர்லாந்தின் ஹேக் நகரில், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் காவலில் இருந்தபடியே முன்னாள் அதிபர் ரோட்ரிகோ துத்தெர்த்தே 2025இல் மேயராக வென்றார். அவர் பதவியேற்க முடியாததால், துணை மேயராக வென்ற மகன் செபாஸ்டியன் பொறுப்பு மேயரானார். மன்றத்தில் முன்னணி இடம் பெற்றிருந்த பேரன் ரிகோ பொறுப்புத் துணை மேயரானார். சட்டப்படி எல்லாம் சரிதான். அதுதான் என்னை உறுத்துகிறது.

மெட்ரோ மணிலாவின் இன்னொரு நகரான பாசிக்கில் 27 ஆண்டு நீடித்த யூசெபியோ குடும்ப ஆட்சியை 2019இல் விக்கோ சோட்டோ தோற்கடித்தார். திரையுலகிலும் செனட்டிலும் பெயர்பெற்ற குடும்பத்துப் பிள்ளைதான் அவரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மேயராகும் முன்பே, மன்ற உறுப்பினராக இருந்தபோது, நகர நிர்வாகத்தின் தகவல்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் உள்ளூர்ச் சட்டத்துக்காக உழைத்தவர் அவர். மன்றத்தில் ஒரே ஒருவரால்கூட இவ்வளவு செய்ய முடிகிறது.

குடும்ப அரசியலைத் தடுக்க வேண்டும் என்று அதே 1987 அரசமைப்புச் சட்டமும் சொல்கிறது. ஆனால் அதற்கான வரையறையை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. மேயர் பதவிக்குப் பொருந்தும் அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவே இல்லை. வரையறுப்பது கடினம் என்ற சாக்கை நான் ஏற்க மாட்டேன். 2016இல், ஊர் அளவில் இளைஞர்களுக்காக இயங்கும் இளைஞர் மன்றத்தின் தேர்தலுக்கு அதே நாடாளுமன்றம் தெளிவாக வரையறுத்தது: பதவியில் இருப்பவருக்கு இரத்த உறவிலோ மண உறவிலோ இரண்டாம் நிலை வரையிலான உறவினர் (பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்றோர்) அங்கே போட்டியிடக் கூடாது. அந்த ஒரு வரியை மேயர் தேர்தலுக்கும் நீட்டியிருந்தால், 2025இல் மக்காத்தி வாக்குச்சீட்டில் அபியின் கணவரும் இருந்திருக்க மாட்டார், அக்காவும் இருந்திருக்க மாட்டார்.